கடைசி அலசலுக்கு ஒரு வாளி

வெயிலில் நின்று பார்க்காதீர்கள், தம்பி. வெயிலில் எந்தக் கறுப்பு வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும். இப்படி நிழல் பக்கம் வாருங்கள். முழங்காலை மடக்கிக் கண்ணை பானட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். தெரிகிறதா? இடது முகப்பு விளக்கிலிருந்து முன்கண்ணாடி வரை, விசிறியை விரித்து வைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். அவை தூசி அல்ல. பறவை எச்சமும் அல்ல. உப்பு.

விற்பவளே குறையைக் காட்டுகிறாளே என்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். உங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கும் காட்டினேன். ஒருவர், "பரவால்லம்மா, பாலிஷ் போட்டா போயிரும்" என்றார். போகும், ஆனால் மறுபடி வரும் என்று விளக்கினேன். எப்படி வரும் என்றும் விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டார். குறையை மூடி மறைத்து விற்பது என் வளர்ப்பில் இல்லை.

அங்கே கையை வைக்காதீர்கள். ஆம், அந்த இடத்தில்தான், புள்ளி இல்லாத இடத்தில். எடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உட்காருங்கள். மிச்சமிருக்கும் நாற்காலி அது ஒன்றுதான். மற்றவற்றை நேற்றே கட்டி வைத்தாயிற்று. நாளைப் பிற்பகல் என் மகள் பொற்கொடி ஓசூரிலிருந்து வருகிறாள். வீட்டைப் பூட்டி, என்னை அழைத்துக்கொண்டு போகிறாள். அதற்குள் இந்த வண்டி போயாக வேண்டும். "அந்த வண்டிய முதல்ல வித்துத் தொலைங்கம்மா. விடிஞ்சதும் விடியாததுமா அதைத் தொடச்சிக்கிட்டு நிக்கிறீங்களாம், செல்லக்கிளி அத்தை போன்ல சொல்றாங்க" என்கிறாள். செல்லக்கிளி எதிர்வீட்டுப் பெண். அவள் வீட்டுக் கதவு என் வீட்டைப் பார்த்து இருப்பது கட்டடக்காரன் செய்த பிழை. ஆனால் மகள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் போன பிறகு இந்தப் புள்ளிகளை யார் துடைப்பார்கள்? துடைக்காமல் விட்டால் வெயில் ஏற ஏற உப்பு மேல்பூச்சைத் தின்னும். பிறகு உப்பு போனாலும் அது இருந்த இடத்தில் குழி நிற்கும். குழியை எதைக் கொண்டும் துடைக்க முடியாது. எனவே வண்டி போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

என் பெயர் மங்கையர்க்கரசி. இந்த மாவட்டத்து நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முதுநிலை வேதியியலராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் பேசினால் அறிக்கை வாசிப்பது போல் இருக்கும் என்று என் கணவர் கேலி செய்வார். "கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சொல்றதுக்கு ஒரு முன்னுரை, ஒரு முடிவுரை வேணுமா மங்கை?" என்பார். கணவர் பெயரைச் சொல்லாத தலைமுறை எங்களுடையது. எனக்கு அந்தப் பழக்கம் ஏற்படவில்லை. அவர் பெயர் சிகாமணி. தொலைபேசித் துறையில் கம்பிப் பழுது பார்த்தவர். பணிக்காலம் முழுவதும் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் கம்பம் கம்பமாக அலைந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வாங்கியது இந்த வண்டி. வாழ்க்கையில் அவர் தமக்கென்று கேட்டு வாங்கிய பொருள் இது ஒன்றுதான்.

அதையும் கறுப்பில் வாங்கினார். "திண்டுக்கல் தண்ணீருக்குக் கறுப்பு வண்டியா? வெள்ளை வாங்குங்கள், புள்ளி தெரியாது" என்றேன். "வெள்ளையில என்னா இருக்கு? கறுப்புலதான் வானம் தெரியும். இங்க வந்து நின்னு பாரு, பானட்டுக்குள்ள மேகம் போகுது" என்றார். அறுபது வயது மனிதர். மேகம் போகிறதாம்.

நீங்கள் வத்தலக்குண்டுக்காரர், உங்களுக்குத் தண்ணீர் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தண்ணீர். ஆழ்துளைப் போரிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. தெருக் குழாயில் நினைத்தபோது வருவது நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் குடங்கள் ஓடும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட அரைக்குடம் கடன் கேட்கத் தயங்குவார்கள். நான் பள்ளிகளிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் நின்று, "குடிநீரில் வாகனம் கழுவுவது குற்றம்" என்று பேசியவள். என் வீட்டு வாசலில் என் கணவர் அதைச் செய்தால் எப்படி இருக்கும்?

அவர் நிறையக் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு வாளி, மங்கை. கடைசி அலசலுக்கு மட்டும். கழுவுறது பூரா உப்புத் தண்ணியிலயே கழுவிக்கிறேன்."

"அந்த ஒரு வாளியில் இந்தத் தெருவில் ஒரு குடும்பம் ஒரு நாள் குடிக்கும்" என்றேன்.

"நம்ம வீட்டுப் பங்குலதான கேக்கறேன்? நான் ஒரு நாள் தண்ணி குடிக்காம இருந்துக்கறேன்."

"மனித உடல் அப்படி இருக்க இயலாது."

"சரி, அறிக்கை வந்துருச்சு" என்று சிரித்துக்கொண்டே காலி வாளியை எடுத்துப் போனார்.

வேதியியல்படி அவர் கேட்டது சரி. கடைசியாக ஓடும் தண்ணீரில் உப்பு இல்லையென்றால் காய்ந்த பிறகு புள்ளி விழாது. அது எனக்குத் தெரியாதா? ஆனால் வேதியியல் ஒன்று, ஒழுங்கு ஒன்று. இன்றைக்கு வந்து கேட்டாலும் என் பதில் அதுதான்.

ஆகவே அவர் போர்த் தண்ணீரிலேயே கழுவினார். சூரியன் எழுவதற்கு முன் ஹோஸைப் பிடிப்பார். எழுவதற்குள் துடைத்து முடிக்க வேண்டும். சூரியனோடு பந்தயம். பெரும்பாலும் சூரியன்தான் ஜெயிக்கும். மேற்கூரையைத் துடைத்து இறங்குவதற்குள் பானட் காய்ந்து வெள்ளை பூத்திருக்கும். முதல் தடவை புள்ளி விழுந்தபோது என்ன செய்தார் தெரியுமா? அடுப்படியிலிருந்து புளியை எடுத்துப் போய்த் தேய்த்தார். குத்துவிளக்குத் தேய்ப்பது போல், தேங்காய் நாரை வைத்து! செல்லக்கிளி வாசலில் நின்று, "என்னா சார், வண்டிக்குத் திரி போட்டு ஏத்தப் போறீங்களா?" என்று கேட்க, தெருவே சிரித்தது. நார் கீறிய கோடுகள் வலது கதவில் இன்னும் இருக்கின்றன. பிறகு காட்டுகிறேன். புளியில் அமிலம் இருப்பது உண்மைதான். முறை தெரியாத அமிலம் கறையை விடக் கேடு.

நான்தான் அவருக்கு முறையைக் கற்றுக் கொடுத்தேன். வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். நிழலில் நிற்க வேண்டும். முதலில் தூசியைப் போக்க வேண்டும், இல்லையென்றால் மண்ணை வைத்து நாமே கீறுவோம். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. மெல்லிய துணியை அதில் நனைத்து, தேய்க்காமல், புள்ளியின் மேல் போர்த்தினாற்போல் சற்று நேரம் விட வேண்டும். உப்பு இளகும். துணியை எடுத்து ஒரே திசையில் வழிக்க வேண்டும். உடனே தண்ணீர் விட்டு அலச வேண்டும். அமிலம் பெயின்ட்டின் மேல் காயக் கூடாது. ஞாயிறுதோறும் அதை ஒரு பூஜை மாதிரி செய்வார். வினிகரால் எடுப்பார், உப்புத் தண்ணீரில் அலசுவார், அலசிய தண்ணீர் காய்ந்து புதிய புள்ளி வைக்கும். "முடியவே முடியாத வேலைடி இது" என்பார். சலிப்போடு சொல்லவில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

இருங்கள். "என்னா?" என்று கேளுங்கள் அவளை, தம்பி. அவள்தான், செல்லக்கிளி. குழாயில் நல்ல தண்ணீர் வந்துவிட்டதாம். குடத்தை எடுத்து வரச் சொல்லிக் கத்துகிறாள். "வேண்டாம்!" நாளைக்கு ஊரை விட்டுப் போகிறவளுக்கு எதற்கு நல்ல தண்ணீர்?

எங்கே விட்டேன்? ஆம். போன ஆண்டு கோடை. அன்றும் அவர் இருட்டோடு எழுந்து ஹோஸைப் பிடித்தார். நான் உள்ளே இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. விடிந்து வெயில் ஜன்னலில் ஏறியும் கேட்டது. எனக்குக் கோபம். உப்புத் தண்ணீராக இருந்தால் மட்டும் வீணாக்கலாமா? உள்ளே இருந்தபடியே, "மோட்டாரை நிறுத்துங்கள், தண்ணீர் தெருவுக்குப் போகிறது" என்று குரல் கொடுத்தேன். நிறுத்தவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடியும் சொன்னேன். இட்லியை இறக்கி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்திருந்தார். ஹோஸ் மடியில் கிடந்து மேல்நோக்கிப் பீய்ச்சிக்கொண்டிருந்தது; விளக்கிலிருந்து கண்ணாடி வரை, விசிறி மாதிரி. வலது கை மட்டும் பானட்டின் விளிம்பில் துணியோடு இருந்தது. நான் தொட்டதும் வழுக்கி இறங்கியது. நான் முதலில் மோட்டாரை நிறுத்தினேன். மின்சாரம், தண்ணீர், இரண்டும் சேர்ந்த இடத்தில் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும்.

அவருடைய மூக்குக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் காயத் தொடங்கியிருந்தன. அதைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வினிகரில் துடைத்து வைத்தேன். யாரோ, "இப்ப என்னாத்துக்கு மேடம் அது?" என்று கேட்டது நினைவிருக்கிறது. மூக்குக் கண்ணாடியில் புள்ளி போய்விட்டது. அதில் இப்போது ஒன்றும் இல்லை.

இறந்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உறவினர்கள் குடத்தோடு போய்த் தண்ணீர் கொண்டு வருவார்கள். எங்களுக்கு இங்கே உறவு குறைவு என்று தெருப் பெண்கள் தாங்களாகவே வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு குடம். எல்லாம் நல்ல தண்ணீர். வீட்டில் குடிக்க வைத்திருந்தது. செல்லக்கிளி முன்னால் நின்று, "சாருக்கு நாங்க ஊத்தறோம் மேடம்" என்றாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். குடிக்கிற தண்ணீர் உயிரோடு இருப்பவர்களுக்கு. இது என் வீட்டுத் துக்கம் என்பதற்காக நான் பேசிய பேச்சு மாறுமா? போர்க் குழாயில் பிடித்து ஊற்றச் சொன்னேன். அப்படியே ஊற்றினார்கள். கொண்டு வந்த குடங்களைத் திரும்ப எடுத்துப் போனார்கள். என் பேச்சுக்கு இந்தத் தெருவில் அவ்வளவு மதிப்பு.

அன்று முழுவதும் வண்டியை யாரும் நினைக்கவில்லை. மாலையில் எல்லாரும் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது பானட் சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது. ஒரு கை அளவு இடம் மட்டும் கறுப்பாக, பளபளவென்று. இப்போது புரிகிறதா, உங்கள் கையை ஏன் எடுக்கச் சொன்னேன் என்று? துணியில் மெழுகு பாலிஷ் இருந்திருக்கும். மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் நிற்காது. மிக எளிய விளக்கம்.

அந்தப் புள்ளிகளை நானே எடுத்தேன். நாள்பட்டது, வினிகருக்கு இளகவில்லை. கார்க்காரர்கள் வைத்திருக்கும் களிமண் கட்டியை வாங்கி, வழுக்கும் நீரைத் தெளித்து, அங்குலம் அங்குலமாக உருட்டி எடுத்தேன். பிறகு பாலிஷ், பிறகு மெழுகு. பல வாரம் ஆயிற்று. முடித்தபோது புது வண்டி. உறையைப் போட்டு மூடி, போர்ட்டிகோவின் இரும்புக் கதவைப் பூட்டினேன். நான் வண்டி ஓட்டுவதில்லை. மூடிய வண்டியில் தண்ணீர் பட வழியில்லை.

ஒரு நாள் காலையில் உறையைத் தூக்கிப் பார்த்தேன். புள்ளிகள். அதே இடம். அதே விசிறி. அந்தக் கை அளவு இடத்தைச் சுற்றிக்கொண்டு.

மழை இல்லை. பனி என்று சொல்லாதீர்கள். பனி காய்ச்சி வடித்த நீருக்குச் சமம், அதில் உப்பே கிடையாது. மேலே குழாய் கிடையாது. கூரையில் ஒழுக்கு கிடையாது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். துடைத்தேன். சில நாள் கழித்து மறுபடி. துடைத்தேன். மறுபடி. அரிப்பதற்கு முன் துடைத்தாக வேண்டும் என்பதால் அன்றாடம் விடியலில் உறையைத் தூக்கிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அதைத்தான் செல்லக்கிளி என் மகளிடம் கோள் சொல்கிறாள்.

இந்தக் கோடையில் எங்கள் போர் வற்றிவிட்டது. மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. இணைப்பைத் துண்டித்து, வாயை மூடி சிமென்ட் பூசியாயிற்று. அதன் பிறகு லாரித் தண்ணீர்தான். போர் போனால் புள்ளியும் போகும் என்று எண்ணினேன். போகவில்லை.

அப்போதுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். பானட்டிலிருந்து அந்தப் பொடியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு என் பழைய ஆய்வகத்துக்குப் போனேன். என்னிடம் பயிற்சி பெற்ற பெண்தான் இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறாள். எழுந்து நின்று மேசையைக் காலி செய்து கொடுத்தாள். நானே செய்தேன். இந்தப் பகுதியின் மற்றப் போர்களில் கால்சியம்தான் மிகுதி. எங்கள் போரில் மட்டும் மக்னீசியம் அதைத் தாண்டும். கூடவே துளி இரும்பு. பணியில் இருந்த காலத்திலேயே பார்த்து வியந்திருக்கிறேன். ஒருவரின் குரல் மாதிரி, வேறு எங்கும் கேட்காது. அந்தப் பொடி எனக்கு அதே எண்களைச் சொன்னது. மறுபடி செய்தேன், மறுபடியும் அதே.

"எந்த ஊர் சாம்பிள் மேடம் இது?" என்றாள் அந்தப் பெண்.

"என் வீட்டுப் போர்."

"அது வத்திப்போயி மூடியாச்சுன்னு சொன்னீங்களே?"

"ஆம்" என்றேன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

விளக்கம் இருக்கும். கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. என் அறிவியல் எனக்குக் கற்பித்தது அது. செல்லக்கிளிக்கு அந்தக் கவலை இல்லை. "சாரு வந்து கழுவிட்டுப் போறாரு மேடம், இது தெரியலயா உங்களுக்கு?" என்கிறாள், ரேஷன் கடை திறந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில். "அவரு என்னா சொத்தா கேட்டாரு? ஒரு வாளி நல்ல தண்ணிதான? நீங்களே ஒங்க கையால அந்த பானட்டுல ஊத்திருங்க. மனசு ஆறிப் போயிருவாரு. அப்புறம் வரமாட்டாரு." 

நான் அவளைக் கடிந்துகொண்டேன். படிக்காதவள் என்றாலும் அண்டை வீட்டுக்காரி, அளவோடுதான் கடிந்துகொண்டேன். குடிநீரை வாகனத்தின் மேல் ஊற்றுவது குற்றம் என்று பேசியவள் நான். இறந்தவர் பேரைச் சொன்னால் அது புண்ணியமாகிவிடுமா? ஒவ்வொரு முறை குழாயில் தண்ணீர் வரும்போதும் அவள் கேட்கிறாள், "ஊத்துனீங்களா மேடம்?" இல்லை என்கிறேன். அடுத்த நாள் காலை உறையைத் தூக்குகிறேன். ஒழுங்கை விட்டுக் கொடுக்காததில் ஒரு நிம்மதி இருக்கிறது, தம்பி. அது உங்கள் வயதில் தெரியாது.

என்ன சொல்கிறீர்கள்? இவ்வளவு கேட்ட பிறகுமா? உங்கள் மனைவிக்கு இந்தப் பேச்செல்லாம் தெரிய வேண்டாம், வண்டி பிடித்திருக்கிறது என்கிறீர்கள். என்ஜின் சத்தத்தைக் கேட்கவில்லையே நீங்கள். பின்பக்கம் வலது டயர் தேய்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? புளி தேய்த்த கதவைப் பாருங்கள். குளிர்சாதனம் மேட்டில் ஏறும்போது சற்றுத் தளரும் என்பார் அவர். நான் விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்து வாங்க வேண்டும் என்கிறேன்.

சரி. இந்தப் புள்ளிகள் போகின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? நியாயமான கேள்வி. கண்ணால் பார்க்காமல் எதையும் ஏற்காதவர்களை எனக்குப் பிடிக்கும். இதோ கலந்து வைத்த வினிகர். இதோ துணி. தூசியைக் காலையிலேயே போக்கிவிட்டேன். வண்டி குளிர்ச்சி. பாருங்கள், துணியை இப்படிப் போர்த்துகிறேன், இங்கே ஒன்று, இங்கே ஒன்று. அந்தக் கை இடத்தின் ஓரமாக இன்னொன்று. அழுத்தக் கூடாது. உப்பு தானாக விடும். சிறு குமிழிகள் தெரிகின்றனவா? விடுகிறது. துணியை எடுக்கிறேன். ஒரே திசை. இப்போது உடனே தண்ணீர் விட்டு...

தொட்டி காலி.

ஆம், தம்பி, காலி. வீட்டைப் பூட்டப் போகிறோம் என்று நேற்றுத் தொட்டியை இறைத்து, கழுவிக் காயவைத்தேன். நானே காயவைத்தேன். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. என் குடிநீர்க் குடமும் கவிழ்ந்திருக்கிறது. அமிலத்தைக் கையில் எடுக்கும் முன் தண்ணீரைப் பக்கத்தில் எடுத்து வை என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன்! ஒருபோதும் தவறியதில்லை. இன்றைக்கு எப்படி...

எங்கே போகிறீர்கள்? வேண்டாம். அவளிடம் போகாதீர்கள். தம்பி!

பார்த்தீர்களா, அவள் எப்படி ஓடி வந்து கொடுக்கிறாள் என்று. வாளி நிறைய. இவ்வளவு நேரமும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "மேடம், ஒங்க கையால!" என்று அங்கிருந்தே கத்துகிறாள். கேட்காதீர்கள் அவளை. வாளியைக் கீழே வையுங்கள். சற்று யோசிக்க விடுங்கள்.

யோசிக்க நேரமில்லை. ஓரங்களில் காயத் தொடங்கிவிட்டது. காய்ந்தால் அமிலம் மேல்பூச்சைப் பிடிக்கும். பிறகு நிரந்தரத் தடம். இந்த நிலையில் கிடைக்கும் தண்ணீரை விட்டு அலசுவதுதான் முறை. எந்தத் தண்ணீர் என்பது இரண்டாம் கேள்வி. இது முறை. வேறு எதுவும் இல்லை.

நீங்கள் ஊற்ற வேண்டாம். கொடுங்கள் இங்கே. நகர்ந்து நில்லுங்கள், உங்கள் கால்சட்டை நனையும். மேலிருந்து கீழே விட வேண்டும். கண்ணாடிப் பக்கமிருந்து விளக்குப் பக்கம். விட்டு விட்டு அல்ல, ஒரே ஓட்டமாக, விரிப்பை விரிப்பது போல. கடைசி அலசல் என்றால் இதுதான்.

அவ்வளவுதான். ஒரு வாளிதான்.

துடைக்காதீர்கள். துணியை மடித்து வையுங்கள். இந்தத் தண்ணீருக்குத் துடைப்பு வேண்டாம், தானாகக் காயட்டும். நின்று பார்ப்போம்.

காய்கிறது. விளக்குப் பக்கம் காய்ந்துவிட்டது. ஒன்றும் இல்லை. நடுவில் காய்கிறது. ஒன்றும் இல்லை. குனிந்து பக்கவாட்டில் பாருங்கள், உங்கள் கண் இளங்கண். ஒரு புள்ளி? இல்லையா? எனக்கும் தெரியவில்லை. லாரித் தண்ணீரில் அலசினால் மெல்லிய படலமாவது மிஞ்சும். இதில் அதுவும் இல்லை. மேகம் தெரிகிறது. போகிறது, பாருங்கள்.

தம்பி, நீங்கள் முதலில் கையை வைத்தீர்களே, அந்த இடம் எது? இங்கேயா? இன்னும் இடப்பக்கமா? நினைவுபடுத்திச் சொல்லுங்கள். எல்லா இடமும் ஒன்று போல் இருக்கிறது. இதுவரை எத்தனை முறை துடைத்தாலும் அந்த இடம் எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை வைப்பேன். இங்கேதான் இருந்தது. இல்லை. இங்கே.

சாவியா? சாவியை இன்றைக்குத் தருவதற்கில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக் காலை வாருங்கள், என் மகள் வருவதற்கு முன்னால். ஆய்வில் ஒரு முடிவு போதாது. ஓர் இரவு விட்டு மறுபடி பார்க்க வேண்டும். உறையைப் போட்டு, கதவைப் பூட்டி, விடியலில் உங்கள் கண் முன்னால் தூக்கிக் காட்டுகிறேன். புள்ளி இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள். என்னைக் கேட்கவே வேண்டாம்.

இனி வராது என்று அங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் செல்லக்கிளி. அவளுக்கு வேதியியல் தெரியாது. ஒரு வாளித் தண்ணீரில் தீர்கிற காரியமா இது? போகும்போது அவளிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

வரும், தம்பி. கட்டாயம் வரும்.